ஸஃப்பில் விழுந்த இடைவெளி

இஸ்லாத்திலே சாதியில்லை, நிறபேதமில்லை, மொழிபேதமில்லை என்று மீலாது மேடைகளில் நாம் முழங்கி வருகின்றோம். சான்று எங்கே என்று எவரேனும் கேட்டால், "எங்கள் பள்ளிவாசலுக்கு வந்து பாருங்கள்" என்கின்றோம். அங்கே ஏலக்காய் வியாபாரியும் மூட்டை தூக்கும் தொழிலாளியும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைக் காட்டுகின்றோம். அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால், ஸஃப்பிலே நிற்பவரின் நெஞ்சுக்குள்ளே என்ன நடக்கின்றது என்பது மேடையிலிருந்து தெரியாது. அதை நிற்பவர்தாம் அறிவார். அவரைப் படைத்த அல்லாஹ் அறிவான். அப்படி நாம் அறிந்த ஒன்றை, நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, இங்கே எழுத முற்படுகின்றோம்.

மலையின் இரு பக்கம்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு மேற்கு மலை ஒரு சுவரன்று, வாசற்படி. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைப்பாதைகளின் வழியே இரு மாநிலத்து மக்களும் அன்றாடம் போய்வந்து கொண்டிருக்கின்றார்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்று, அந்தி சாயும் நேரம் வீடு திரும்பும் பெண்களைக் கூடலூரிலும் கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் காணலாம். அங்கே விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏலத்திற்கு வருகின்றது. இங்கே விளையும் காய்கறி மலையேறிச் செல்கின்றது.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. கோடு நிலத்தின் மீது விழுந்தது, உறவுகள் அறுபடவில்லை. நம் ராவுத்தர் குடும்பங்களே மலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. அண்ணன் உத்தமபாளையத்தில் இருப்பார், தம்பி குமுளியில் கடை வைத்திருப்பார். அண்ணன் மக்கள் தமிழ்ப் பாடம் படிப்பார்கள், தம்பி மக்கள் மலையாளப் பாடம் படிப்பார்கள். பெருநாளைக்கு இரண்டு மொழியும் ஒரே ஸஹனில் உட்கார்ந்து சாப்பிடும்.

இந்த இரு பக்கத்தாருக்கும் நடுவே நிற்பது முல்லைப் பெரியாற்று அணை. 1886ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் 999 ஆண்டுகளுக்கு ஒப்பந்தமாகி, கர்னல் பென்னிகுயிக் அவர்கள் முயற்சியால் 1895இல் கட்டி முடிக்கப்பட்டது அது. மேற்கே ஓடிய தண்ணீர் கிழக்கே திரும்பியது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் அந்தத் தண்ணீரால் வாழ்கின்றன. வைகையோடு கலந்து மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் வரையிலும் அது போகின்றது. அணையின் உறுதி குறித்துக் கேரளத்திலே ஐயம் எழுந்து, 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2006இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தும் வழக்கு ஓயவில்லை. 2014ஆம் ஆண்டு மே 7ஆம் தேதிதான் அதே நீதிமன்றம் 142 அடியை மீண்டும் உறுதி செய்தது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே வந்தது 2011. அந்த ஆண்டு இடுக்கி மாவட்டத்தில் சிறு நில அதிர்வுகள் சில ஏற்பட்டன. அணைக்குக் கீழே வாழும் கேரள மக்கள் அஞ்சினார்கள். அணை போய்விட்டால் நம் வயல் என்னாகும் என்று நாமும் அஞ்சினோம். அவர்களுடைய அச்சம் உயிரைப் பற்றியது. நம்முடைய அச்சம் வயிற்றைப் பற்றியது. இரண்டுமே மனிதரின் அச்சங்கள்தாம். ஆனால், அவ்வாண்டு டிசம்பர் மாதம் அந்த அச்சம் பகையாகிவிட்டது. குமுளியில் தகராறு மூண்டது. ஏலத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டார்கள். பலர் காட்டுவழியே நடந்து இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் கல்லடி பட்டன. குமுளிச் சாலையிலே போக்குவரத்து நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை

நம் தெருமுனையிலே மலையாளி ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். மலப்புறம் பக்கத்துக்காரர். இருபது ஆண்டுகளாக நம் ஊரில் இருந்தவர். சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'காக்கா'தான். ஃபஜ்ருத் தொழுதுவிட்டு வெளியே வந்தால் முதல் டீ அவருடைய கடையில். நம் ஜமாஅத் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தது, அவரோ ஷாஃபி. ருகூஉக்குக் குனியும்போது அவர் கைகளை உயர்த்துவதை இருபது ஆண்டுகளில் எவரும் குறையாகச் சொன்னதில்லை.

அந்த டிசம்பரில் ஒருநாள் அவர் கடைப்பலகையின் மீது கல் விழுந்தது. எறிந்தவர்கள் யார், அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டா என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரிக்க விரும்பவில்லை என்பதே உண்மை. அதற்கு நம்மிடம் ஒரு சமாதானமும் இருந்தது. நம் உறவுக்காரப் பெண் ஒருத்தி தோட்டத்திலிருந்து கைக்குழந்தையோடு காட்டுவழியே நடந்து வந்து, கால் வீங்கி, நம் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு கொதித்தது.

அந்த நிலையில் ஜும்ஆவுக்குச் சென்றோம். இகாமத் சொல்லப்பட்டது. ஸஃப்பைச் சரி செய்யுங்கள், இடைவெளி விடாதீர்கள் என்று இமாம் சொன்னார். நமக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடமிருந்தது. அங்கே வந்து நின்றவர் காக்கா.

நாம் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. காலை மட்டும் சற்றே வலப்பக்கம் நகர்த்திக்கொண்டோம். ஒரு சாண் இடைவெளி விழுந்தது. அவர் ஒருமுறை நெருங்கி நிற்கப் பார்த்தார். நாம் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினோம். பிறகு அவர் முயலவில்லை. இரண்டு ரக்அத்தும் அந்த ஒரு சாண் அப்படியே இருந்தது. தொழுகையின் முடிவில் அவர் வலப்பக்கம் ஸலாம் கொடுத்தபோது அவர் முகம் நம் பக்கம் திரும்பிற்று. நாமும் இடப்பக்கம் ஸலாம் கொடுத்தோம். நம் நாவு அவருக்கு அமைதியை வேண்டிற்று. நம் கால் அவரை விட்டு விலகி நின்றது.

அடுத்த வாரம் அவர் கடை பூட்டிக் கிடந்தது. ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

அதே போன்றதொரு ஸஃப்பு வேறொருவரின் வாழ்க்கையைத் திருப்பியதை நாம் அறிவோம். அமெரிக்காவில் வெள்ளையரின் நிறவெறிக்கு ஆளாகி, வெள்ளையர் அனைவரையும் வெறுத்து வந்தவர் மால்கம் எக்ஸ். அவர் 1964ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குச் சென்றார். எல்லா நிறத்தவரும் சேர்ந்து உண்பதையும் சேர்ந்து தொழுவதையும் கண்டு, தம் பழைய எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று என்று அங்கிருந்தே கடிதம் எழுதினார். அவர் ஒரு ஸஃப்பில் கண்டெடுத்ததை நாம் ஒரு ஸஃப்பில் தொலைத்தோம். அவருக்கு அது புதிது. நமக்கோ அன்றாடம் ஐந்து வேளை பழகிப்போன வரிசை. பழக்கம் நெஞ்சைத் தூங்க வைத்துவிடும் போலும்.

தண்ணீர்க் கரையில் எழுந்த கூக்குரல்

தண்ணீரை முன்னிட்டுச் சமூகங்கள் மோதிக்கொள்வது புதிதன்று. நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் காலத்திலேயே அது நடந்திருக்கின்றது. பனூ முஸ்தலிக் போரின்போது, தண்ணீர் எடுக்குமிடத்தில் முஹாஜிர்களைச் சேர்ந்த ஒருவருக்கும் அன்ஸார்களைச் சேர்ந்த ஒருவருக்கும் சச்சரவு மூண்டது. ஒருவர் அன்ஸாரிகளைக் கூவியழைத்தார். மற்றவர் முஹாஜிர்களைக் கூவியழைத்தார். அதைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், இது என்ன அறியாமைக் காலத்துக் கூப்பாடு என்று கண்டித்து, அதை விட்டொழியுங்கள், அது நாற்றமெடுத்தது என்றும் கூறினார்கள். ஸஹீஹ் புகாரியில் இச்செய்தி பதிவாகியிருக்கின்றது.

இதிலே நாம் ஊன்றிச் சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. முஹாஜிர், அன்ஸார் என்பவை இழிபெயர்களா? இல்லை. அல்லாஹ்வே தன் திருமறையில் புகழ்ந்து கூறும் பெயர்கள் அவை. அத்தகைய பெயர்களே, நியாயத்தை விசாரிக்காமல் ஆள் திரட்டும் கூக்குரலாக மாறிய மாத்திரத்தில் நாற்றமெடுத்துவிட்டன. அப்படியானால் குற்றம் பெயரில் இல்லை, அதைப் பயன்படுத்தும் விதத்திலே இருக்கின்றது. தமிழர் என்பதும் மலையாளி என்பதும் நல்ல பெயர்களே. 'பாண்டி' என்ற சொல்கூடப் பாண்டிய நாட்டைக் குறிக்கும் பழம்பெயர்தான். அதை வசையாக்கியது சொல்பவரின் தொனி.

அவ்வாறாயின், சொந்த மக்களை நேசிப்பது தவறா? அணை நீருக்காக வாதாடுவது இனவெறியா? இல்லை. ஒருவர் தம் சமூகத்தாரை நேசிப்பது அஸபிய்யத் ஆகுமா என்று வினவப்பட்டபோது, இல்லை, அநியாயத்தில் அவர்களுக்குத் துணை போவதே அஸபிய்யத் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியதாக ஹதீஸ் உண்டு. தண்ணீருக்காக நீதிமன்றம் சென்றது நேசம். ஊர்வலம் போனது உரிமை. டீக்கடைப் பலகையின் மீது கல்லெறிந்தது அநியாயம். கல்லெறிந்தவரை விசாரிக்காமல் விட்டது அநியாயத்திற்குத் துணை.

இதற்கு மேலும் ஒரு கட்டளை உண்டு. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை, நீங்கள் நீதி தவறுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் எட்டாம் வசனம் வலியுறுத்துகின்றது. பகையே இருக்கக் கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பகை வந்துவிடும் என்பதை அறிந்தே, அந்த வேளையிலும் நீதியைக் கைவிடாதீர்கள் என்று சொல்லப்படுகின்றது. திண்ணையிலே கால் வீங்கிப் படுத்திருந்த பெண்ணுக்காக நம் நெஞ்சு கொதித்தது இயற்கை. ஆனால், அவளை விரட்டியவர் வேறு, நம் பக்கத்தில் நின்றவர் வேறு. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்று ஓதிக்கொண்டே, எவரோ செய்த பிழையை ஒரு டீக்கடைக்காரரின் தலையில் ஏற்றிவிட்டோம்.

நல்லவருக்குள்ளும் இருக்கும்

நாம் தொழுகையாளி, நோன்பாளி, நம்மிடம் இனத்துவேஷம் இருக்குமா என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அபூதர் (ரலி) அவர்களைவிட எளிமையிலும் இறையச்சத்திலும் நாம் உயர்ந்தவர்களா? அவர்களே ஒருமுறை கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசிவிட்டார்கள். புகாரியின் அறிவிப்பில் அவர் பெயர் குறிக்கப்படவில்லை. அவர் பிலால் (ரலி) அவர்களே என்று விரிவுரையாளர்கள் கூறுவர். அது நாயகம் (ஸல்) அவர்களின் செவிக்கு எட்டியதும், உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கின்றது என்று நேருக்கு நேர் கண்டித்தார்கள். நீர் முஸ்லிம் அல்லர் என்று சொல்லவில்லை. நல்ல முஸ்லிமாக இருக்கும் ஒருவரிடமே அந்தக் குணம் ஒளிந்திருக்கும், கோபம் வரும்போது வெளியே தலைகாட்டும் என்பதே நாம் இங்கே பெறும் பாடம்.

இங்கே ஒரு வினா எழும். உள்ளத்திலே தானாகத் தோன்றும் எண்ணத்திற்கு மனிதன் எப்படிப் பொறுப்பாவான்? பிறந்த வீட்டிலும் தெருவிலும் கேட்டுக் கேட்டு ஊறிய எண்ணத்தை அழைத்தவர் யார்? இதற்கும் மார்க்கத்தில் விடை உண்டு. உள்ளத்தில் எழும் ஊசலாட்டங்களை, அவற்றைப் பேசாமலும் செயலாக்காமலும் இருக்கும் வரை, அல்லாஹ் இந்த உம்மத்திற்குப் பொறுத்துக்கொள்கின்றான் என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே, பொறுப்பு தொடங்கும் இடம் நாவும் கையும். நாம் இத்துடன் நிறுத்தி, "நான் பேசவுமில்லை, அடிக்கவுமில்லையே" என்று தப்பித்துக்கொள்ளப் பார்த்தோம். பல இரவுகள் அப்படிச் சமாதானம் சொல்லிப் பார்த்தோம். கால் நகர்ந்ததும் ஒரு செயல்தானே என்று உள்ளிருந்து ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு மறுமொழி இல்லை.

ஸஃப்புகளை நேராக்குங்கள், இல்லையேல் உங்களுக்கிடையே அல்லாஹ் பிளவை உண்டாக்கிவிடுவான் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு ஜமாஅத்திலும் கேட்கின்றோம். அது வெறும் வரிசை ஒழுங்கு என்று எண்ணியிருந்தோம். ஸஃப்பிலே விழும் ஒரு சாண் ஊருக்குள்ளே போனால் எவ்வளவு நீளும் என்பது அந்த டிசம்பரில்தான் தெரிந்தது.

நமக்கு வலித்தது பிறர்க்கும் வலிக்கும்

நம்மவர்களுக்கு இந்த வலி தெரியாததன்று. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்று திரும்பியவர்களைக் கேளுங்கள். 'மிஸ்கீன்' என்ற சொல் தம் மீது எந்தத் தொனியில் வீசப்பட்டது என்பதைக் கண்கலங்கச் சொல்வார்கள். அரபிக்கு அரபியல்லாதவரைவிட உயர்வில்லை என்ற இறுதிப் பேருரையின் அறிவிப்பு அந்த நாட்டு மேடைகளிலும் முழங்கத்தான் செய்கின்றது! பெருநகரங்களில் முஸ்லிம் என்ற காரணத்தால் வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டவர்களும் நம்மிடையே உண்டு. வலி பட்டவர் பிறருக்கு வலி தர மாட்டார் என்பது நம் எதிர்பார்ப்பு. நடப்பதோ வேறு. ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், தக்னி என்று பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் நாம் வைத்திருக்கும் கணக்கு நமக்குத் தெரியாதா? முடிதிருத்தும் தொழில் செய்யும் முஸ்லிமின் வீட்டோடு சம்பந்தம் பேச நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்?

இன்று வேறொரு பெயரும் நம் நாவில் சேர்ந்திருக்கின்றது, 'வடக்கன்'. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பிழைக்க வந்தவர்களுக்கு நாம் வைத்த பொதுப்பெயர். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்திகளும் பொய்ப் படங்களும் பரவியபோது, அவர்கள் அஞ்சி ஊர் திரும்ப ரயில் நிலையங்களில் கூடினார்கள். செய்தி பொய்தான். ஆனால் அதை அவர்கள் ஏன் உடனே நம்பினார்கள்? நாம் அவர்களை அழைக்கும் தொனி அவர்கள் செவியில் முன்பே விழுந்திருந்ததும் ஒரு காரணம் அன்றோ? ஏலத்தோட்டத்திலே 'பாண்டி' என்று கேட்டு நொந்தவர்களின் பிள்ளைகள் நாம். நாமே அந்தத் தொனியைக் கற்றுக்கொண்டோம்.

பாக்கி நிற்கும் கணக்கு

இரண்டு மாதங்கள் கழித்து, கடையை வேறொருவரிடம் ஒப்படைப்பதற்காகக் காக்கா வந்தார். கேள்விப்பட்டு ஓடினோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனோம். போனதும் நாவு எழவில்லை. பற்று நோட்டில் நம் கணக்கில் நாற்பது ரூபாய் இருந்தது. அதை எடுத்து நீட்டினோம். "இருக்கட்டும் ராவுத்தரே" என்று சிரித்துவிட்டு மறுத்துவிட்டார். ஸலாம் கூறி குமுளி பஸ்ஸில் ஏறிச் சென்றார். அதன்பின் நாம் அவரைக் காணவில்லை.

அல்லாஹ்வுக்குரிய ஹக்கில் நாம் தவறினால், தவ்பாச் செய்து அவனிடம் மன்னிப்புப் பெறலாம். அடியானுடைய ஹக்கில் தவறினால் அந்த அடியானும் மன்னிக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே மதரஸாவில் ஓதினோம். நாற்பது ரூபாயை அவர் விட்டுக்கொடுத்தார். அந்த ஒரு சாணை விட்டுக்கொடுத்தாரா? நாம் கேட்கவில்லை, ஆகையால் அவர் சொல்லவுமில்லை. மறுமையிலே அந்தக் கணக்கு விரிக்கப்படும் என்ற அச்சமே இக்கட்டுரையை எழுத வைத்தது.

ஆலிம் ஒருவரிடம் இதைச் சொல்லி வழி கேட்டோம். அவருக்காக துஆச் செய்து வாருங்கள், அவரைப் போன்று வருபவருக்கு இடம் கொடுங்கள் என்றார். எளிய மறுமொழிதான், ஆனால் செய்வதற்கு ஒரு வாழ்நாள் வேண்டும்.

இப்போது நம் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவன்று கட்டட வேலை செய்யும் வடநாட்டு இளைஞர்கள் சிலர் வருகின்றார்கள். சட்டையிலே சிமெண்டுக் கறை இருக்கும். முன்னே இடம் காலியாக இருந்தாலும் கூச்சத்தோடு செருப்பு விடும் இடத்தருகே கடைசி ஸஃப்பில் ஒதுங்குவார்கள். கைகாட்டி அழைத்தால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் வந்து நின்றதும் நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நம் காலை அவர்கள் பக்கமாக நகர்த்த வேண்டும்.

வாசகர்களே, அடுத்த முறை இமாம் ஸஃப்பைச் சரி செய்யச் சொல்லும்போது தரையைப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர், எந்த மொழி என்று நெஞ்சு கணக்குப் பார்க்கின்றதா என்றும் பாருங்கள். எவரிடமாவது ஒரு சாண் கடன்பட்டிருந்தால், அவர் பஸ் ஏறிப் போவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் ஸஃப்புகளையும் நெஞ்சங்களையும் ஒன்றுபடுத்தி அருள்வானாக! ஆமீன்.